ஸ்லீவ் அறுவைக்குப் பின் இரைப்பைச் சுருக்கம்: ஸ்டென்ட் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் உடல் பருமனுக்காக ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ இருந்த எடை இப்போது 79 கிலோ. முதல் ஒரு மாதம் நீராகாரம் நன்றாக இறங்கியது. ஆறாவது வாரம் இட்லி சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. நடு நெஞ்சில் கல் வைத்தாற்போல் அடைத்து, நுரை நுரையாக எச்சில் பொங்கி, வாந்தி எடுத்த பிறகுதான் ஆசுவாசம். இரைப்பையின் நடுவில் சுருக்கம் இருப்பதாகச் சொல்லி, எண்டோஸ்கோப்பி மூலம் இரண்டு முறை பலூன் வைத்து விரித்தார்கள். முதலில் 20 மில்லிமீட்டர், அடுத்து 30 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நிம்மதி, பிறகு பழையபடியே. இப்போது ஸ்டென்ட் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். இதயத்தில் வைப்பதைப் போல இதுவும் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்குமா? நழுவிவிட்டால் என்ன ஆகும்? பாதை அகன்றால் எடை மீண்டும் ஏறிவிடுமா? இதற்குப் பதில் இன்னொரு அறுவையே செய்துகொள்வது மேலா? நான் அவசரமாகச் சாப்பிடுவதால்தான் இப்படி என்கிறார்கள் வீட்டில். பதினைந்து நாளாக மோரும் இளநீரும்தான். நடக்கும்போது கொஞ்சம் தள்ளாடுகிறது, எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது, சோர்வாகத்தான் இருக்கும்.
(ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வரிசையாகக் கேட்ட கேள்விகளைவிட, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த வரிதான் என்னைப் பதறவைத்தது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிவதும் நடை தள்ளாடுவதும், தொடர்ந்து வாந்தி எடுக்கும் ஒருவருக்கு வரும்போது, சோர்வு என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. அதனால்தான் கடிதம் கைக்கு வந்த அன்று மாலையே உங்களை அழைத்துப் பேசினேன். அன்றிரவே மருத்துவமனையில் சேர்ந்து, தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியை நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டீர்கள் என்பதையும், மூன்றாம் நாளே பார்வை சரியாகிவிட்டது என்பதையும் உங்கள் தம்பி சொல்லித் தெரிந்துகொண்டேன். நடை முழுவதும் சீராவதற்கு இன்னும் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். அதுவரை படி இறங்கும்போது யாராவது ஒருவர் கூடவே இருக்கட்டும். உங்களிடம் தொலைபேசியில் சொன்னதையே இங்கே மறுபடி எழுதுகிறேன் என்றால், இதே நிலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கக்கூடிய மற்றவர்களை எண்ணித்தான்.

நம் உடல் தயமினைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை. மொத்தக் கையிருப்பே ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான். வரவு நின்றுபோனால் இரண்டு மூன்று வாரங்களில் அது கரைந்துவிடும். குளுக்கோஸை எரித்து ஆற்றலாக்க மூளைக்கு இந்தச் சத்து கட்டாயம் வேண்டும். அது தீர்ந்துபோகும்போது கண்ணை அசைக்கும் நரம்பு மையங்களும், உடலைச் சமநிலையில் நிறுத்தும் பகுதிகளும், நினைவைக் காக்கும் பகுதிகளும் முதலில் அடிபடுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881-இல் விவரித்த நோய் இது. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் அந்த நோய் என்று காத்திருக்கக் கூடாது; ஒன்று தலைகாட்டினாலே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். வழக்கமாக 500 மில்லிகிராம் வீதம் ஒரு நாளில் மூன்று வேளை நரம்பு வழியாகக் கொடுக்கிறோம். தாமதமானால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் திறனே நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. உடம்பு அசந்துபோனால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டுக்கொள்வது நம்மிடையே சாதாரண வழக்கம். தயமின் தீர்ந்துபோன உடலில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மீதமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினையும் அந்தக் குளுக்கோஸ் செலவழித்துவிட்டு, அதுவரை மறைந்திருந்த மூளைப் பாதிப்பைச் சில மணி நேரத்தில் வெளிக்கொண்டு வந்துவிடலாம். ஆகவே பேரியாட்ரிக் அறுவை, அதாவது உடல் பருமனைக் குறைக்கும் அறுவை, செய்துகொண்டு வாந்தியால் அவதிப்படும் எவரும், டிரிப்ஸ் போடுவதற்கு முன், "எனக்கு இரைப்பை அறுவை ஆகியிருக்கிறது, முதலில் பி1 ஊசி போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தீட்டிய அரிசியை மட்டுமே உண்டு வாழ்ந்த ஊர்களில் பெரிபெரி நோய் பரவியதும், புழுங்கலரிசி உண்ட வீடுகள் பெரும்பாலும் தப்பியதும் இதே சத்தின் கதைதான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்தப் புழுங்கலரிசிக் கஞ்சிகூட உங்களுக்கு உள்ளே தங்கவில்லை என்பதுதான் இப்போதைய பிரச்சினை. எனவே இனி சுருக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் பெரிய வளைவுப் பக்கத்தை, அதாவது ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேலாக, நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதை ஒரு குறுகிய குழாய் போல ஆக்குகிறார்கள். குழாயின் அகலம் ஒரே சீராக அமைவதற்காக வாய் வழியாக ஓர் அளவுக்குழாயை உள்ளே விட்டு, அதை ஒட்டியபடி ஸ்டேப்ளர் கருவியால் அழுத்தி வெட்டிக்கொண்டே போகிறார்கள். பலரும் பயன்படுத்தும் அளவு 36 பிரெஞ்ச். மூன்று பிரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டர் என்பதால், அது 12 மில்லிமீட்டர் தடிமன். இரைப்பை நேரான உறுப்பாக இருந்திருந்தால் இதில் சிக்கலே வராது. ஆனால் கீழ்ப்பகுதியில் அது கொக்கி போல வலப்பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் உள்மூலையை ஸ்டேப்ளர் சற்று நெருங்கிவிட்டாலும், அங்கே தழும்பு இறுகினாலும், வெட்டும்போது முன்சுவரையும் பின்சுவரையும் சமமாக இழுத்துப் பிடிக்காமல் போனாலும், குழாய் அந்த இடத்தில் குறுகிவிடும் அல்லது முறுக்கிக்கொள்ளும். ஸ்லீவ் செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். சரியாக நடந்த அறுவையிலும் தழும்பு தன் போக்கில் இறுகுவதுண்டு என்பதால், உங்களுக்கு அறுவை செய்தவர்மீது குற்றம் காண இது மட்டும் போதாது.

குறுகுதல், முறுக்கிக்கொள்ளுதல் என்று இரண்டாகச் சொன்னேன். உங்கள் கேள்விகள் அனைத்துக்கும் விடை இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது. முதல் வகை உண்மையான குறுக்கம்: தழும்பால் ஆன ஒரு வளையம் பாதையை நெரிக்கிறது, எண்டோஸ்கோப் அங்கே நின்றுவிடும், அல்லது அழுத்தித் தள்ளினால்தான் நுழையும். இரண்டாம் வகையில் பாதையின் அகலம் குறையவில்லை. நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் மடிந்துகொண்டாற்போல, அல்லது பிழிந்து வைத்த ஈரத்துண்டு போல, இரைப்பை தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். எண்டோஸ்கோப் அதில் எளிதாக வளைந்து உள்ளே போய்விடும். உணவுக்கு அப்படி வளைந்து போகத் தெரியாது.

இதை நான் என் தவறு ஒன்றின் மூலமே கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், ஸ்லீவ் முடிந்து மூன்று மாதங்களாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு எண்டோஸ்கோப்பி செய்தேன். பத்து மில்லிமீட்டர் அளவுள்ள என் கருவி எந்தத் தடையும் இன்றிச் சிறுகுடல் வரை சென்றது. "சுருக்கம் ஏதும் இல்லை" என்று அறிக்கையில் எழுதினேன். அந்த ஒற்றை வரியால், அவருக்கு மனநலப் பிரச்சினை என்ற முடிவுக்கு வீட்டார் வந்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, நிற்க வைத்து, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்னும் வெள்ளைத் திரவத்தைக் குடிக்கச் செய்து திரையில் பார்த்தோம். அந்தத் திரவம் பாதி வழியில் ஒரு பையாகத் தேங்கி, பிறகு நூல் போலத் திரும்பி, அதன் கீழே மறுபடி அகன்றது. உடுக்கையின் இடுப்பைப் போல இருந்தது அந்த இடம். ஒரு வாய்த் திரவம் அதைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தை நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, கருவி உள்ளே போகிறதா என்பதோடு என் சோதனையை நிறுத்திக்கொள்வதில்லை. திருப்பத்தைக் கடக்கும்போது கருவியை எந்தப் பக்கம் எவ்வளவு சுழற்ற வேண்டியிருந்தது என்பதையும் எழுதுகிறேன், பேரியம் படமும் இல்லாமல் முடிவுக்கு வருவதில்லை.

ஆகவே நீங்கள் அவசரமாகச் சாப்பிடுவதால்தான் இப்படி ஆகிறது என்று சொல்பவர்களிடம், ஒரு மருத்துவர் மறுத்தார் என்று தயங்காமல் சொல்லுங்கள். ஸ்லீவ் முடிந்தவர் வேகமாக விழுங்கினால் அவ்வப்போது அடைப்பதும் எதுக்களிப்பதும் உண்மைதான். ஆனால் நிதானமாக மென்று விழுங்கிய இரண்டு வாய் இட்லியும் தங்கவில்லை, பிறகு கஞ்சியும் தங்கவில்லை, கடைசியில் மோர்தான் இறங்குகிறது என்று நாளுக்கு நாள் கெட்டி உணவு பின்வாங்கிக்கொண்டே போவது பழக்கத்தின் கோளாறு அல்ல, பாதையின் கோளாறு. எச்சில்கூட நுரைத்து மேலே வருவது அதற்கு இன்னொரு சான்று. "எடைதான் நன்றாகக் குறைகிறதே" என்று யாராவது வாழ்த்தியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். பட்டினியால் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகிறது.

உங்களுக்கு முதலில் பலூன் வைத்தது சரியான தொடக்கம். இரைப்பைச் சுருக்கத்துக்கு உலகெங்கும் முதலில் செய்யப்படுவது அதுதான். ஏறத்தாழ முக்கால் பங்கு நோயாளிகளுக்கு அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால் அது ஒரே தடவையில் முடிகிற வேலை அல்ல. இரண்டு மூன்று வார இடைவெளியில், 30 மில்லிமீட்டரில் பலன் நிற்கவில்லை என்றால் 35, அதன் பிறகு சிலருக்கு 40 என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். தொடக்கத்தில் வைக்கும் 20 மில்லிமீட்டர் பலூன் தழும்பு வளையத்தை நெகிழ்த்தப் பயன்படும். முறுக்கிக்கொண்ட இரைப்பையை நேராக்கும் வலு அதற்குக் கிடையாது. அதற்கென்றே, உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காமல் இறுகிக்கொள்ளும் அகலேசியா நோய்க்குப் பயன்படும் பெரிய காற்றுப் பலூனைக் கம்பி வழியாகச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே விரிக்கிறோம். பலூனின் இடுப்பு மறைந்து அது உருளையாகும் கணம்தான் நாங்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பது. அளவு கூடக்கூட இரைப்பைச் சுவர் கிழியும் ஆபத்தும் கூடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. அறுவை மருத்துவர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

இனி ஸ்டென்ட். நம்மில் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் என்றதும் நினைவுக்கு வருவது இதயக் குழாயில் வைக்கப்படும் சின்னஞ்சிறு வலைக்குழல். அது ஆயுளுக்கும் அங்கேயே பதிந்திருக்க வேண்டியது. உங்களுக்கு வைக்கப்போவது அப்படியல்ல; கட்டடத்துக்கு முட்டுக்கொடுக்கும் சாரம் போன்றது. கான்கிரீட் இறுகியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதைப் போல, பாதை அகன்ற நிலையிலேயே சுவர் ஆறி நிலைபெற்றதும் இதை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்கள். அதற்கு மேல் விட்டுவைப்பது நன்மையைக் கூட்டுவதில்லை. சுவர்த் திசு ஸ்டென்ட்டின் ஓரங்களின் மேல் வளர்ந்து அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டால், பழையதற்குள் இன்னொரு ஸ்டென்ட்டை வைத்து, வளர்ந்த திசுவை நசுக்கி, ஓரிரு வாரம் கழித்து இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும்.

அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்னும் உலோகக் கம்பியால் மீன்வலை போலப் பின்னப்பட்டது. உடல் வெப்பத்தில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம் அந்த உலோகத்துக்கு உண்டு. வலையின் மேல் முழுவதும் சிலிக்கோன் உறை போட்டிருந்தால்தான் திசு உள்ளே வளராமல் எளிதாகக் கழற்ற முடியும். ஆகவே முழு உறையிட்ட ஸ்டென்ட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கவரிங் நகை, கடிகாரப் பட்டை போன்றவை பட்டால் உங்களுக்குத் தோல் அரிக்கும் என்றால், நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வைக்கும் முறையையும் சொல்கிறேன். தெரியாததை நினைத்துத்தான் பயம் பெரிதாகிறது. மயக்கம் கொடுத்தபின் எண்டோஸ்கோப்பை இறக்கி, சுருக்கத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் எக்ஸ்ரே திரையில் குறித்துக்கொள்வோம். சுருக்கத்தைத் தாண்டி ஒரு மெல்லிய கம்பியைச் சிறுகுடல் வரை விட்டு, அந்தக் கம்பியின் மேல், மடித்து அடக்கிய ஸ்டென்ட்டைச் சுமந்த குழாயைத் தள்ளுவோம். குறித்த இடம் வந்ததும் மேலுறையை மெதுவாகப் பின்னுக்கு இழுக்க இழுக்க, முதலில் கீழ்முனை மொட்டு அவிழ்வதைப் போல விரியும். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேசமாட்டோம். கீழ்முனை சரியான இடத்தில் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகே மேல்பாதியை விடுவிப்போம். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; வயிற்றில் வெட்டோ தையலோ இல்லை.

எந்த ஸ்டென்ட் என்பது சுருக்கத்தின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வளையமாக இருந்தால், நூல் சுற்றும் கட்டைபோல இரு முனைகளிலும் அகன்ற விளிம்பும் நடுவில் குறுகிய இடுப்பும் கொண்ட குட்டை ஸ்டென்ட் ஒன்று உண்டு. 15 அல்லது 20 மில்லிமீட்டர் அகலம். கணையத்தை ஒட்டித் தேங்கும் நீர்க்கட்டிகளை வடிப்பதற்காக உருவாக்கப்பட்ட கருவி அது. குட்டையான சுருக்கங்களிலும் நன்றாகப் பிடித்து உட்காருவதால் இதற்கும் பயன்படுத்துகிறோம். உருவாக்கப்பட்ட நோக்கத்துக்கு வெளியே பயன்படுகிறது என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மருத்துவர் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும். சுருக்கம் நீளமாகவோ முறுக்காகவோ இருந்தால் குட்டை ஸ்டென்ட் பயன்படாது. உணவுக்குழாயின் அடியிலிருந்து இரைப்பை முழுவதையும் தாங்கிப் போகும் நீண்ட ஸ்டென்ட் வேண்டும். அது திறம்பட நேராக்கும், ஆனால் அதனால் வரும் அவதியும் அதிகம். உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள வாசல் எப்போதும் திறந்தே கிடப்பதால் அமிலம் தொண்டை வரை ஏறும், நெஞ்சுக்குள் இடைவிடாத அழுத்தம் இருக்கும், குமட்டலும் இருக்கும். முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். சிலர் வலி பொறுக்காமல் குறித்த நாளுக்கு முன்பே எடுத்துவிடச் சொல்வதும் உண்டு.

நழுவுதல் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முழு உறையிட்ட ஸ்டென்ட்டின் மிகப் பொதுவான சிக்கலே அதுதான். கழற்றுவதற்கு வசதியான வழவழப்பான உறையே அது வழுக்குவதற்கும் காரணம். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு அது இடம் மாறுகிறது. மேல்முனையை எண்டோஸ்கோப்பி வழியாகவே தையல் போட்டோ, பெரிய கிளிப் வைத்தோ சுவரோடு பிணைத்தால் நழுவுவது குறைகிறது, இல்லாமலே போய்விடுவதில்லை. சற்றே இறங்கினால் எண்டோஸ்கோப்பியிலேயே இழுத்துச் சரிசெய்யலாம் அல்லது எடுத்துவிடலாம். சிறுகுடலுக்குள் சென்றுவிட்டால் சிலருக்கு மலத்தோடு வெளியேறும், சிலருக்குக் குடலை அடைத்து அறுவை வரை கொண்டுபோகும். நன்றாக இறங்கிக்கொண்டிருந்த உணவு திடீரென்று மறுபடி அடைப்பது, வயிறு உப்பி முறுக்கி வலிப்பது, கருமையான மலம், இரத்த வாந்தி, குளிர்க்காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் இரவு பகல் பாராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நழுவியதா என்று பார்க்க ஒரு சாதாரண எக்ஸ்ரேயே போதும். இன்னொன்று: ஸ்டென்ட் உள்ளே இருக்கும் வாரங்களில் வேறு எந்தக் காரணத்துக்காக வேறு எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், மூக்கு வழியாகக் குழாய் விடுவதற்கு முன்பும் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பும் உள்ளே ஸ்டென்ட் இருப்பதைச் சொல்லியாக வேண்டும்.

எடை மீண்டும் ஏறுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். உங்கள் எடையைக் குறைக்க வேண்டியது இரைப்பையின் சிறிய கொள்ளளவும், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும் மேல்பகுதி அகற்றப்பட்டதும்தான். அவை இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. நடுவழியில் விழுந்த அடைப்பு அந்தச் சிகிச்சையின் பகுதி அல்ல, அதன் கோளாறு. சொல்லப்போனால், அடைப்போடு வாழ்பவர்கள்தான் கெட்டி உணவு இறங்காமல் பழச்சாறு, ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட பால் என்று வழுக்கிக்கொண்டு போகிறவற்றுக்குப் பழகிவிடுகிறார்கள். புரதம் இல்லாமல் சர்க்கரையில் வாழும் அந்தப் பழக்கம்தான் பின்னாளில் எடையைக் கூட்டும்.

மறு அறுவை பற்றி என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். ஸ்லீவை ரூ-என்-ஒய் பைபாஸாக மாற்றும் அறுவையில், சுருக்கத்துக்கு மேலே இரைப்பையைப் பிரித்து, ஒரு சிறு பையை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். சுருங்கிய இடத்தைச் சரிசெய்வதற்குப் பதிலாக அதைத் தாண்டியே போய்விடுவதால், இதுதான் இறுதியான தீர்வு. அமில எதுக்களிப்பும் கூடவே அடங்கும். ஆனால் இன்றைய உங்கள் உடல்நிலையில் அதற்குள் இறங்க நான் ஒப்பமாட்டேன். பதினைந்து நாள் மோரில் கிடந்த உடலில் போடும் தையல் எளிதில் கூடாது. முதலில் தயமின், பிறகு புரதம். சுருக்கத்தைத் தாண்டி மூக்கு வழியாக ஒரு மெல்லிய உணவுக்குழலைச் சிறுகுடலில் விட்டு இரண்டு மூன்று வாரம் ஊட்டினால், பார்ப்பதற்கு அசௌகரியமாக இருந்தாலும், அடுத்து எந்தச் சிகிச்சையானாலும் அதன் ஆபத்து வெகுவாகக் குறையும். இதைச் சொன்னால் பல குடும்பங்கள் முகம் சுளிக்கின்றன, "மூக்கில் குழாயா, அவ்வளவு மோசமா?" என்கிறார்கள். மோசமாகாமல் இருப்பதற்குத்தான் அந்தக் குழாய்.

அதன் பிறகு எந்த வழியில் போவது என்பதை உங்கள் பேரியம் படம்தான் சொல்ல வேண்டும். கடிதத்தில் நீங்கள் எண்டோஸ்கோப்பி பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். நிற்க வைத்துப் பேரியம் பார்த்ததாகவோ, இரைப்பையின் முப்பரிமாண சி.டி. எடுத்ததாகவோ தெரியவில்லை. எடுக்கவில்லை என்றால் ஸ்டென்ட்டுக்கு நாள் குறிப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். குட்டையான தழும்பு வளையம் என்று தெரிந்தால், இரண்டு பலூன்களுக்குப் பிறகும் பத்து நாளில் மூடிக்கொள்ளும் உங்களுக்கு ஸ்டென்ட் ஒரு நல்ல அடுத்த படி; பலூனில் பலன் காணாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதனால் அறுவையிலிருந்து தப்புகிறார்கள். முறுக்குதான் என்று தெரிந்தால், ஸ்டென்ட்டுக்கு முன் 35 மில்லிமீட்டர் காற்றுப் பலூனை ஒருமுறை முயல்வதையே நான் விரும்புவேன், ஏனென்றால் நீண்ட ஸ்டென்ட் தரும் ஒன்றரை மாத அவதியை அது மிச்சப்படுத்தக்கூடும். நீண்டு சுழன்ற முறுக்கு, அதோடு கடும் எதுக்களிப்பும் என்றால், ஒன்றன்பின் ஒன்றாக எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு மாதங்களைக் கடத்தாமல், உடல் தேறியதும் பைபாஸுக்குப் போவதே முறை. உங்கள் மருத்துவரின் முடிவு இதிலிருந்து வேறுபட்டால் அதற்குக் காரணம் இருக்கும். அவர் உங்களைத் தொட்டுப் பார்த்தவர், நான் கடிதத்தைப் படித்துத் தொலைபேசியில் பேசியவன் மட்டுமே. அந்தக் காரணத்தை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டென்ட் என்று முடிவானால், வைக்கும் நாளைக் குறிக்கும்போதே எடுக்கும் நாளையும் குறித்து, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வலி போய்ச் சாப்பாடு இறங்கத் தொடங்கியதும் திரும்பி வராமலே இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இரத்த வாந்தியோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். செலவிலும் வைப்பது ஒன்று, எடுப்பது ஒன்று என இரண்டு முறை மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கிறது; காப்பீடு இருந்தால் இரண்டையும் சேர்த்தே முன் ஒப்புதல் கேட்டுவிடுங்கள். பேரியாட்ரிக் சிக்கல்களுக்கு எல்லாப் பாலிசிகளும் பணம் தருவதில்லை என்பதால், பாலிசியின் விதிகளை முதலில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்டென்ட் வைத்த முதல் இரண்டு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கேழ்வரகுக் கூழ், புரதப் பொடி கலந்த மோர். அதன்பின் குழைய மசித்த சாதம், மசித்த முட்டை என்று மெல்ல ஏறலாம். முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளைத் தோல், பரோட்டா, நார் உள்ள இறைச்சி ஆகியவை வலையின் வாயில் சிக்கி அடைக்கும்; ஸ்டென்ட்டை எடுக்கும் வரை அவை வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் புண்ணை உண்டாக்கும். பாரசிட்டமால் மட்டும், அதுவும் கரைத்து. வைட்டமின்களையும் திரவமாகவோ ஊசியாகவோ கேட்டு வாங்குங்கள். தலைமாட்டில் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டிலின் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்துப் படுத்தால் இரவில் அமிலம் ஏறுவது குறையும். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும்.

வரும் வாரம் உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அறுவையின்போது எழுதிய ஆபரேஷன் குறிப்பையும் இரண்டு பலூன் அறிக்கைகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த அளவுக்குழாயை வைத்து வெட்டினார்கள், எண்டோஸ்கோப் எந்த இடத்தில் தடைபட்டது என்பவை அவற்றில் இருக்கும். தம்பியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தயமின் மாத்திரை மறுபடி வாந்தியில் வந்துவிட்டால், மறுநாள் வரை பொறுத்துப் பார்க்காமல் அன்றே ஊசியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.